பதினேழாவது சார்பு

பதினேழு சார்புகளில் பதினாறு இறங்கிவிட்டன. பதினேழாவதில் திரை அப்படியே நின்றுபோனது.

இசக்கியப்பன் கைத்திரையை ஒருமுறை தட்டிப் பார்த்தான். அதிலிருந்து கிளம்பிய மெல்லிய கம்பி ரெஜினாவின் வலது காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது.

"என்னாச்சு தம்பி?" தலையை அசைக்காமல் ரெஜினா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல டீச்சர். உங்க தளத்துக்கும் சார் தளத்துக்கும் ஒத்துவரல."

"இருவத்திரண்டு வருஷமா ஒத்துவராமத்தான் குடும்பம் நடத்திட்டு இருக்கோம். நீங்க போடுங்க."

இசக்கியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கட்டிலைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். அங்கே அமலதாஸ் கிடந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இரண்டு மாதங்களுக்கு முன்பு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது மூளைக்குள் ரத்தம் கசிந்து விழுந்தார். அன்றிலிருந்து இமைகூட அசையவில்லை. மூச்சை ஓர் இயந்திரம் விட்டது. உணவு குழாய் வழியாகப் போனது. ஆனால் உள்ளே அவர் விழித்திருக்கிறார், எல்லாம் கேட்கிறது, எல்லாம் வலிக்கிறது என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

தூத்துக்குடியில் அப்போது துணைமூளை இல்லாத ஆள் கிடையாது. புளியங்கொட்டை அளவில் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும். வேலையில் சேரும்போது எந்தத் துறை எதைக் கொடுக்கிறதோ அதுதான் ஆயுளுக்கும். துறைமுகத்தாருக்குத் துறைத்தளம், ஆசிரியர்களுக்குக் கல்வித்தளம், கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறவுத்தளம். வேலை ஒன்றுதான், செய்கிற விதம் வேறு. ஒரு தளத்துக்காக எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடவேண்டுமென்றால், அது நம்பியிருக்கும் சின்னச் சின்ன நிரல்கள் எல்லாம் முதலில் அங்கே வந்து உட்கார வேண்டும். அவற்றைத்தான் சார்புகள் என்றார்கள். ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது.

இசக்கியப்பன் நிறுவிக்கொண்டிருந்த நிரலின் பெயர் தெளிவி. வானியலாளர்கள் எழுதியது. தொலைதூரத்து விண்மீன்களின் சமிக்ஞையை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதற்காக. உடம்பு ஊமையாகிவிட்டவர்களின் மூளையிலிருந்து வரும் அலையும் அதே மாதிரி மங்கலானது என்று பின்னால் மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த அலை மட்டும் சொல்லாகாது. அந்த மனிதரோடு பல வருடம் வாழ்ந்த இன்னொரு மனத்தின் நினைவுகளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, இரைச்சலைக் கழித்து, அந்த இன்னொருவரின் வாய் வழியாகவே சொல்லை வெளியே கொண்டுவர வேண்டும். அவருக்குச் சட்டத்தில் 'உரைப்பவர்' என்று பெயர். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். மகள் பெனிட்டாவுக்கு அப்போது பதினேழு. அதனால் ரெஜினாதான்.

"கல்வித்தளத்துக்குப் பதினேழாவது சார்பு இன்னும் எழுதி முடிக்கல டீச்சர். எட்டு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லுதாங்க."

"எட்டு மாசமா?" ரெஜினாவின் குரல் இறங்கியது. "அந்த மனுசன் ரெண்டு மாசமா ஒரு வார்த்தை பேசாமக் கெடக்காரு தம்பி. வாய மூடிட்டு ரெண்டு நிமிஷம் இருக்கமாட்டாரு."

இசக்கியப்பன் யோசித்தான். நிறுவுநர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் ஒரு குறுக்குவழி இருந்தது. முடிச்சுப் போடுவது என்பார்கள். விடுபட்ட சார்புக்குப் பதிலாக, உரைப்பவரின் சொந்த நினைவுகளையே நேராகத் தெளிவியோடு கட்டிவிடுவது. அந்தச் சார்பு எடுக்கும் நினைவின் நகல் தேவையில்லை, மூலமே போதும். பத்து நிமிட வேலை. பதினொரு வீட்டில் அவன் இதைச் செய்திருக்கிறான். எங்கேயும் புகார் வந்ததில்லை.

"ஒரு வழி இருக்கு. ஆனா முறையானது இல்ல."

"போடுங்க."

திரையில் வரிசையாக அனுமதிகள் கேட்டு வந்தன. ரெஜினா படிக்கவில்லை. அவனும் படித்துக் காட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் 'ஆம்' என்றாள், பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கிற வேகத்தில்.

பிறகு அவள் உதடு தானாகத் திறந்தது. குரல் அவளுடையதுதான். பேச்சு அவளுடையது இல்லை.

"ஏட்டி, அந்த ஃபேன நிப்பாட்டு. ரெண்டு மாசமா மூஞ்சியிலயே அடிக்குது."

வாசலில் நின்ற பெனிட்டா ஓடிப்போய் விசிறியை நிறுத்திவிட்டு, அதன் அடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

*

இரண்டு வருடங்கள். தினமும் காலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் தெளிவி ஓடும். அந்த இருபது நிமிடமும் ரெஜினாவின் வாய் அமலதாஸுடையது. அவள் கேள்வியை மனதுக்குள் கேட்பாள். பதில் அவள் வாயிலேயே வரும். பக்கத்து வீட்டில் கேட்பவர்களுக்கு ஒரு பெண் தனக்குத்தானே பேசுவதாகத்தான் தோன்றும். ரெஜினாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர் மீன்காரியின் கணக்கைக் கேலி செய்தார். பெனிட்டா பொறியியல் வேண்டாம் என்றபோது ஒரு வாரம் கோபித்துக்கொண்டு, பிறகு சமாதானமானார். திருமண நாளன்று, "அந்தக் கல்யாணச் சட்டைய இஸ்திரி போட்டு எரிச்சவ நீதான், இன்னமும் ஒத்துக்கிடலியே" என்றார். அவள் அன்று பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் சிரித்தாள்.

ஆனால் உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. முதுகில் புண் வந்தது. ஆறியது, மறுபடி வந்தது. எலும்பு தெரிகிற அளவுக்கு வந்தது. மூச்சுக்குழாயில் மாதம் ஒருமுறை சீழ் கட்டியது. மருந்து கொடுத்தால் வலி குறையும், ஆனால் அலையும் மங்கிவிடும். அவர் வலிமருந்து வேண்டாம் என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை ரெஜினாவின் வாய் சொன்னது:

"போதும்ட்டி."

என்ன போதும் என்று அவள் கேட்கவில்லை. மறுநாளும் அதையேதான் சொன்னார். அதற்கு மறுநாளும். அவள் சண்டை போட்டாள், ஜெபம் பண்ணினாள், இரண்டு நாள் தெளிவியை ஓடவிடாமல் வைத்துப் பார்த்தாள். பத்தொன்பதாவது தடவை அவர், "ரெஜி, நான் ஒன்கிட்ட எதையாவது கெஞ்சிக் கேட்டுருக்கேனா?" என்றபோது அவள் சண்டையை நிறுத்தினாள்.

சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. விருப்பப் பதிவு அதிகாரி வீட்டுக்கு வருவார். நோயாளி தன் வாயால், அதாவது உரைப்பவர் வாயால், சிகிச்சையை நிறுத்தச் சொல்ல வேண்டும். சொன்னால் மூன்றாம் நாள் இயந்திரத்தை எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் தெளிவி சரியாக ஓடுகிறது என்று நிறுவுநர் ஒருவர் சான்று தர வேண்டும். ரெஜினா இசக்கியப்பனை வரச் சொன்னாள்.

அவன் மாலை நான்கு மணிக்கு வந்தான். கம்பியை ஒட்டினான். கைத்திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், பெனிட்டா கொண்டுவந்து வைத்த காப்பியை எடுக்கவேயில்லை.

"டீச்சர், அந்த முடிச்சு..."

"சொல்லுங்க."

"போடுறதப் பத்தித்தான் எங்களுக்குத் தெரியும். அவுக்குறதப் பத்தி ஒருத்தனும் யோசிக்கல."

அவன் சுற்றிவளைக்காமல் சொன்னான். அவளுடைய துணைமூளை பல வருடங்களாக அவளுடைய நினைவுகளைத் தனக்குள் வாங்கி வைத்திருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான். அதில் அமலதாஸைத் தொட்ட ஒவ்வொரு நினைவையும் தெளிவி தன் வசதிக்கு மாற்றி எழுதிக்கொண்டுவிட்டது. கல்வித்தளத்தால், பின்னால் வந்துசேர்ந்த பதினேழாவது சார்பை இறக்கினாலும், இனி அவற்றைப் படிக்க முடியாது. தெளிவியால் மட்டும்தான் முடியும். தெளிவியோ இரண்டு முனையிலும் உயிர் இருந்தால்தான் ஓடும்.

"அப்படின்னா?"

"சார் மூச்சு நின்னதும் தெளிவி தன்னத்தானே கழட்டிக்கிடும். கழட்டும்போது அதுக்காக மட்டும் இருக்கிறதையெல்லாம் கூடவே எடுத்துரும். வேற யாருக்கும் தேவையில்லாத சரக்குன்னு நெனச்சு."

ரெஜினா காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவரு செத்தா, அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. அதானே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பெனியும் எனக்கு மறந்துபோவாளா?"

"பாப்பா இருப்பா டீச்சர். அவ அப்பா யாருங்கறதுதான் ஒங்களுக்குத் தெரியாது."

"எழுதி வெச்சுக்கிட்டா?"

"எழுதலாம். படிக்கலாம். யாரோ ஒருத்தர் கதையப் படிக்கிற மாதிரித்தான் இருக்கும்." அவன் கைத்திரையைக் கவிழ்த்து வைத்தான். "நான் போயி ஆபீஸ்ல ஒத்துக்கிடுதேன் டீச்சர். என் தப்புதான்."

"ஒத்துக்கிட்டா என்ன ஆகும்?"

"இந்தத் தெளிவிய மூடிருவாங்க. சார் இதுவரைக்கும் சொன்னது ஒண்ணும் செல்லாதும்பாங்க. செல்லாதுன்னா மெஷின எடுக்க மாட்டாங்க."

அதாவது அவள் மறந்துவிடுவாள், அவர் கிடந்துகொண்டே இருப்பார். ரெஜினா எழுந்துபோய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தன்னிடம் முதன்முதலாகக் குடை நீட்டியவன், அதுவும் வேறொருவருடைய குடையை, பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில். அந்த நாள் போய்விடும். பெனிட்டா பிறந்தபோது மருத்துவமனை வாசலில் பயத்தில் வாந்தி எடுத்தவன். அதுவும் போய்விடும்.

"சான்று எழுதிக் குடுங்க தம்பி," என்றாள். "ஒரு வாரம் யோசிச்சுக்கிடுதேன்."

*

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வாய் சொன்னது: "இன்னைக்கு வலி கொஞ்சம் பரவாயில்லட்டி."

அதற்கு மறுநாள்: "பெனிக்குப் பரீட்சை எப்போ?"

நான்காம் நாள்: "அவசரம் என்ன? இருந்து பாப்போம்."

ரெஜினாவுக்கு முதலில் நெஞ்சு லேசானது. எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது, தனக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்தாள். பெனிட்டா அப்படி நினைக்கவில்லை. பத்தொன்பது வயது, புண்ணுக்கு மருந்து போடுகிறவள் அவள்தான்.

"அம்மா, நேத்து துணி மாத்தும்போது அப்பாவுக்கு இதயத்துடிப்பு நூத்தி நாப்பது. ஒங்க வாய் என்னடான்னா பரவாயில்லைங்குது. நீங்க அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"மனசுல?"

ரெஜினா மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெனிட்டாவே இசக்கியப்பனை அழைத்தாள்.

அவன் இந்த முறை சொல்லைப் பார்க்கவில்லை, அலையைப் பார்த்தான். தெளிவிக்குள் போவதற்கு முன்னால் இருக்கும் அலை. 'போதும்' என்று வந்த பத்தொன்பது காலைகளிலும் ஒரே வடிவம்: ஏழு சிறு முகடுகள், பிறகு ஒரு சரிவு. அதன்பின் வந்த காலைகளை விரித்தான். அதே ஏழு முகடுகள். அதே சரிவு.

"சார் பேச்ச மாத்தல," என்றான் மெதுவாக. "தெளிவிதான் மாத்துது. விண்மீன் பாக்கறவங்க எழுதுனதுல்லா. ஒப்பிட்டுப் பாக்கற மனசுக்கு மாறா வாரதையெல்லாம் இரைச்சல்னு கழிச்சுட்டு, பொருத்தமா ஒண்ண வெச்சு நெரப்பும். முன்னாடி அந்தச் சொல்லு ஒங்களுக்கு வருத்தம், அவ்வளவுதான். இப்ப அந்தச் சொல்லு வந்தா ஒங்க மனசுல பாதி போயிரும்னு ஒங்களுக்குத் தெரியும்."

"நான் வேணும்னு செய்யல தம்பி."

"தெரியும் டீச்சர். நீங்க செய்யல. ஒங்களுக்குக் கீழ இருக்கறது செய்யுது."

"என் துணைமூளையில போட்டுப் பாருங்க," என்றாள் பெனிட்டா.

அவளுடையது திறவுத்தளம். பதினேழு சார்புகளும் ஒன்பது நிமிடத்தில் இறங்கின. ஒன்றுகூட அடம்பிடிக்கவில்லை. முடிச்சும் தேவைப்படவில்லை. முறையாக நகல் எடுத்துக்கொண்டது. இசக்கியப்பன் அந்தப் பச்சை வரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெனிட்டாவின் உதடு திறந்தது.

"பாப்பா. போதும் பாப்பா. அம்மாவக் கொஞ்சம் கேக்கச் சொல்லு. நான் சொல்லுதேன், அவ வேற என்னமோ பேசுதா."

இருபது நிமிடம் முடிந்ததும் பெனிட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, அது நான் இல்ல."

"நானும்தான் நான் இல்லன்னு சொன்னேன்," என்றாள் ரெஜினா. ஒரே மனிதனின் ஒரே அலை. இரண்டு தளம், இரண்டு அமலதாஸ். இதில் எது உண்மை என்று எந்தத் திரையிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் ரெஜினாவுக்குத் தெரிந்திருந்தது. 'அவ வேற என்னமோ பேசுதா' என்று தன்னைக் குறைசொல்ல இந்த உலகத்தில் ஒருவரால்தான் முடியும்.

"இவ வாயால சொன்னா செல்லாதா தம்பி?"

"பதிவுல இருக்கற உரைப்பவர் நீங்கதான். ஆள மாத்தணும்னா சாரே கேக்கணும்."

"எந்த வாயால?"

இசக்கியப்பன் கம்பியைச் சுருட்டினான்.

அன்று ரெஜினா சிகிச்சையை நிறுத்தும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி வருவதற்கு ஐந்து நாள் இருந்தது. ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். அவர் சாதத்தோடு வாழைப்பழம் பிசைந்து சாப்பிடுவது. கோபம் வந்தால் அவளைக் 'கணக்கு' என்று கூப்பிடுவது. தன் தம்பிக்கு அவளுடைய தையல் இயந்திரத்தைக் கேட்காமல் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் திண்டாடி அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. எழுபத்தாறு பக்கம் வந்தது. இதையெல்லாம் ஒருநாள் வேறு யாருடைய கையெழுத்தோ போல வாசிக்கப்போகிறோம் என்று தெரிந்தே எழுதினாள்.

ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: நான் சம்மதிக்கிறேன், எல்லாம் போகட்டும், அவர் பேசட்டும். அவள் மனதார அப்படி நினைத்தாள் என்பதில் பெனிட்டாவுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் அவள் வாய், "நல்லாத்தான் இருக்கேன்ட்டி" என்றது.

"அழுத்தி நெனைங்கம்மா."

"இதுக்கு மேல எப்படி நெனைக்கணும், நீயே சொல்லு பெனி."

*

அதிகாரி வேலாயுதம் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். நரைத்த தலை, மென்மையான பேச்சு. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கட்டிலைப் பார்த்து வணக்கம் சொன்னார். இமை அசையாத மனிதனுக்கு வணக்கம் சொன்ன முதல் ஆள் அவர்தான். அதைப் பார்த்ததும் ரெஜினாவுக்கு நம்பிக்கை வந்தது.

இசக்கியப்பன் சுவரோரம் நின்றான். தெளிவி ஓடத் தொடங்கியது. ரெஜினா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். உள்ளே முழு பலத்தோடு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்க பேரச் சொல்லுங்க," என்றார் வேலாயுதம்.

"அமலதாஸ் சார். கிரேன் ஆபரேட்டர்."

"நீங்க எந்த நிலையில இருக்கீங்கன்னு தெரியுமா?"

"தெரியும் சார். மெஷின்தான் மூச்சு விடுது. முதுகு பூரா புண்ணு."

பெனிட்டா அம்மாவின் தோளை இறுக்கிப் பிடித்தாள். இவ்வளவு நேராக இத்தனை நாளில் வந்ததில்லை.

"இந்தச் சிகிச்சைய நிறுத்தணும்னு நீங்க விரும்புறீங்களா?"

ரெஜினா மனதுக்குள் கத்தினாள். சொல்லுங்க. சொல்லுங்க. நான் பாத்துக்கிடுதேன்.

கைத்திரையில் ஏழு முகடுகள் எழுந்ததை இசக்கியப்பன் பார்த்தான். ஏழாவதுக்குப் பிறகு சரிவு. அவள் உதடு திறந்தது.

"நிறுத்தவா? யாரு சார் சொன்னா?" வாய் சிரித்தது. அமலதாஸின் சிரிப்பு, துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சிரிப்பு. "எனக்கு ஒரு கொறையும் இல்ல. இவதான் பாவம், ஒறக்கமில்லாம என்னென்னமோ எழுதிக் குடுத்துட்டா. அவள ஒண்ணும் சொல்லிராதீங்க."

"பொய்!" பெனிட்டா கத்தினாள். "அது அப்பா இல்ல! என் வழியாக் கேளுங்க சார், என் வழியாக் கேளுங்க!"

வேலாயுதம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பதிவுல இல்லாதவங்க வழியாக் கேக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. நான் பதினாறு வருஷமா இந்த வேலை பாக்குதேன். பாக்குற குடும்பம் களைச்சுப் போறது சகஜம். அது தப்பும் இல்ல."

அவர் எழுதத் தொடங்கினார். நோயாளி தெளிவாக இருக்கிறார். வாழ விரும்புகிறார். குடும்பத்தினர் அயர்ந்திருக்கின்றனர். மறு விண்ணப்பம் ஐந்து ஆண்டுகளுக்கு ஏற்கப்படாது.

இசக்கியப்பன் வாய் திறந்தான். முடிச்சு என்று சொல்ல வந்து, அந்த ஒரு சொல்லால் என்னென்ன போகும் என்று கணக்குப் பார்த்து, மூடிக்கொண்டான்.

இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. அதுவரை ரெஜினாவுக்குச் சொந்தமாக வாய் இல்லை. அவள் கண்ணிலிருந்து வழிந்த நீர் கன்னத்தில் இறங்கி, பேசிக்கொண்டிருந்த உதட்டை நனைத்தது.

"பாத்தீங்களா சார்," என்றது அந்த வாய் பிரியத்தோடு. "நான் இருக்கப்போறேன்னதும் எவ்வளவு சந்தோஷம் அவளுக்கு."